இயந்திரம் வந்துவிட்டது, மணிநேரம் வரவில்லை

தொழில்நுட்பக் கல்லூரிகளின் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. ஒரு பக்கம் லேத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கம், மூலையில், சுவரை ஒட்டித் தார்ப்பாய் போர்த்திய பெரிய உருவம் ஒன்று நிற்கும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிஎன்சி மெஷினிங் சென்டர், அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் இயந்திரம். கதவுக் கண்ணாடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் படலத்தை இன்னும் முழுதாக உரிக்கவில்லை. பக்கவாட்டில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை. "அலாரம் காட்டுது சார், சர்வீஸுக்குச் சொல்லியிருக்கு" என்று பதில் வரும். சொல்லி ஒரு வருடம் ஆகியிருக்கும்.

இதைப் பார்த்ததும் கோபம் ஆசிரியர்கள் மீதுதான் பாயும். புதியதைக் கற்க மனமில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது அநியாயம். அந்த இயந்திரம் நின்றுபோனதற்கான காரணம், அது வாங்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே மூன்று அறைகளில் உருவாகிவிட்டது. ஓர் அறையில் நிதி திரட்டுபவர்கள், இன்னோர் அறையில் திட்டமிடுபவர்கள், மூன்றாவதில் தொழில்நுட்பப் பிரிவு. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கு ஒரே தலைமை அலுவலகம் இருக்கும் அமைப்புகளில் இந்த மூன்று அறைகளும் ஒரே மாடியில்தான் இருக்கும். ஆனாலும் நன்கொடையாளரிடம் நீட்டப்படும் காகிதத்தில் இயந்திரத்தின் பெயரும் விலையும் படமும் இருக்குமே தவிர, கம்ப்ரஸர் இருக்காது, வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலண்ட் இருக்காது, இயந்திரத்தை ஓட்டிக் காட்டப் போகும் ஆசிரியரின் பயிற்சி நாட்கள் இருக்காது. கேட்காததை யாரும் கொடுப்பதில்லை.

கல்லூரிகள் இயந்திரம் கேட்பதை நிறுத்திவிட்டு மணிநேரம், அதாவது அது உண்மையில் ஓடும் நேரத்துக்கான பணம், கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்க விசித்திரமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழி இல்லை.

100 என்று வைத்துக்கொள்வோம்

இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு இதேதான். அந்த 100-க்கு லாரியில் வந்து இறங்குவது இரும்பும், அதை இயக்கும் கம்ப்யூட்டரான கண்ட்ரோலரும் மட்டும். நடுத்தர அளவுள்ள வெர்டிகல் மெஷினிங் சென்டர் என்றால் 4 முதல் 6 டன் எடை இருக்கும். உயரம் பெரும்பாலும் இரண்டரை மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும். கதவின் உயரத்தை அளக்காமல் ஆர்டர் போட்டால் சுவரை இடிக்க வேண்டிவரும். தரையில் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருக்கிறதா, விரிசலோ கான்கிரீட் இணைப்புக் கோடோ இயந்திரத்தின் கால்களுக்கு நடுவே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால், லெவல் பார்த்து நிறுத்திய இயந்திரம் சில மாதங்களில் லேசாக முறுக்கிக்கொள்ளும்; அதன்பின் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சதுரம் சதுரமாக வராது. நிறுவும் நாளில் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் நுணுக்கமான ஸ்பிரிட் லெவலை மேசை மேல் வைத்து இரண்டு திசையிலும் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அட்டவணையில் எழுதி வைக்கும் கல்லூரிகள் குறைவு.

அடுத்தது மின்சாரம். பல இயந்திரங்கள் உள்ளுக்குள் 200 முதல் 220 வோல்ட் மூன்று பேஸில் ஓடுபவை. கட்டடத்துக்கு வருவது 400-ஐ ஒட்டியோ 480-ஐ ஒட்டியோ இருக்கும். இடையில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், வோல்டேஜ் ஏறி இறங்கும் இடமென்றால் ஸ்டெபிலைசர் வேண்டும், நல்ல எர்த்திங் வேண்டும். எர்த்திங் சரியில்லாத இயந்திரம் ஒரேயடியாக நிற்காது. திங்கட்கிழமை ஓடும், புதன்கிழமை காரணமே இல்லாமல் டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்பெட்டி) அலாரம் காட்டும், ரீசெட் செய்தால் மறுபடி ஓடும். பக்கத்து இடத்தில் யாராவது வெல்டிங் அடிக்கும்போதுதான் இது நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போய்விடும்.

காற்றும் அப்படித்தான். வெட்டும் டூலைப் பிடிக்கவும் விடவும் 5 முதல் 6 பார் அழுத்தத்தில் உலர்ந்த காற்று தேவை. கம்ப்ரஸரை மட்டும் வாங்கி ஏர் டிரையரை மிச்சம் பிடித்தால், குழாயில் தங்கும் நீர் வால்வுகளுக்குள் போய்த் துருவாகும். டூல் மாற்றும் கை பாதி வழியில் நின்றுவிடும். அதை மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது.

டூல்களை அடுக்கி வைக்கும் மேகஸினில் 20 அல்லது 24 இடங்கள் இருக்கும். வரும்போது அத்தனையும் காலி. ஒவ்வோர் இடத்துக்கும் கட்டரைத் தாங்கும் ஹோல்டர், அதன் தலையில் திருகும் புல் ஸ்டட், கட்டரை இறுக்கும் கோலட், கட்டர். பிறகு வைஸ், பேரலல், எட்ஜ் பைண்டர், டயல் இண்டிகேட்டர், மைக்ரோமீட்டர்கள். எல்லாவற்றையும் கூட்டினால், நிறுவி முதல் துண்டை வெட்டுவதற்கு 100-க்கு மேல் இன்னொரு 20 எடுத்து வைப்பதுதான் நியாயமான திட்டம். பழைய கட்டடமென்றால் இன்னும் கூடும்.

அதற்குப் பிறகு ஆண்டுச் செலவு. சர்வீஸ் ஒப்பந்தம், ஸ்லைடுகளுக்கான எண்ணெய், ஃபில்டர்கள், உடையும் கட்டர்கள், வெட்டுவதற்கான அலுமினியமும் எஃகும், கூலண்ட். கூலண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் வேறுபாடு தெரிவது இங்கேதான். நீரில் கரையும் கூலண்டை வழக்கமாக 5 முதல் 8 சதவீத அடர்த்தியில் வைப்பார்கள். சரியான அளவைத் தயாரிப்பாளர் தரும் தாள் சொல்லும், ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும். தொழிற்சாலையில் தினமும் ஓடுவதால் கூலண்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லூரியில் பருவ விடுமுறை என்று ஐந்தாறு வாரம் தேங்கிக் கிடக்கும். ஸ்லைடிலிருந்து கசிந்த எண்ணெய் மேலே ஆடைபோலப் படிந்து காற்றை அடைக்கும், அடியில் பாக்டீரியா பெருகும். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மாணவர்கள் கையில் அரிப்பு வரும், ஆசிரியர் பயந்துபோய் இயந்திரத்தை மூடுவார், அது மூடியபடியே கிடக்கும். விடுமுறைக்கு முன் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டு, வாரம் ஒருநாள் அரை மணி நேரம் பம்பை ஓட்ட ஓர் ஆளை நியமித்தால் போதும். நீண்ட விடுமுறையானால் தொட்டியைக் காலி செய்து கழுவிக் காயவைப்பதே நல்லது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு பெயரும் ஒரு நாளும் காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆண்டுச் செலவுக்கு இயந்திர விலையில் 100-க்கு 8 என்று வைத்து, ஏழாண்டு ஓட்டத்துக்குக் கணக்கிட்டால் 56. ஆக 100, 20, 56. மொத்தம் 176. நன்கொடையாளரிடம் கேட்க வேண்டிய எண் இதுதான்.

கையில் 100 மட்டுமே இருக்கிறது என்றால்? 57 விலையுள்ள இயந்திரத்தை வாங்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொன்னால் கூட்டத்தில் எல்லோர் முகமும் சுருங்கும். சின்ன மேசை, குறைந்த குதிரைத்திறன், பெயர்ப் பலகையில் எழுதும்போது அவ்வளவு பெரிதாகத் தெரியாத மாடல். ஆனால் ஏழாண்டும் ஓடும்.

ஒரு மாணவருக்கு எத்தனை நிமிடம்

திட்டமிடும் அறையில் இருப்பவர்கள் மாணவர் எண்ணிக்கை, சேர்க்கை வளர்ச்சி, சதுர மீட்டர் எல்லாவற்றையும் அழகாகக் கணக்கிடுவார்கள். நிமிடத்தைக் கணக்கிடுவதில்லை. ஒரு வகுப்பில் 60 பேர் என்று எடுத்துக்கொள்வோம். 20 பேராக மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒருமுறை மூன்று மணி நேர லேப். 180 நிமிடத்தில் இயந்திரத்தைத் தயார் செய்ய, கடைசியில் துடைத்து மூட, வருகைப் பதிவு எடுக்க என்று 30 நிமிடம் போனால் மீதி 150. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழரை நிமிடம். பருவத்துக்கு 15 வாரம் என்று அட்டவணையில் இருந்தாலும் தேர்வு, விடுமுறை போக உருப்படியாகக் கிடைப்பது 12 வாரம். ஏழரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 90 நிமிடம்.

ஒரு பருவம் முழுக்க ஒரு மாணவருக்கு அந்த இயந்திரத்தின் முன்னால் 90 நிமிடம்.

துண்டை வைஸில் பிடித்து, டயல் வைத்து நேராக்கி, டூல்களின் நீளத்தை எடுத்து, துண்டின் தொடக்கப் புள்ளியான ஒர்க் ஆஃப்செட்டை அமைத்து, வெறும் ஓட்டம் விட்டுப் பார்த்து, முதல் வெட்டை வெட்ட, புதிதாகக் கற்பவருக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்படியானால் ஒரு மாணவர் முழுச் செட்டிங்கைத் தன் கையால் ஒருமுறை செய்யலாம். அதுவும் வாரம் ஏழரை நிமிடமாகத் துண்டு துண்டாக வருவதால், ஒருமுறைகூடத் தொடர்ச்சியாகச் செய்ய முடியாது. மற்ற பத்தொன்பது பேர் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூலண்ட் தெறித்த கண்ணாடியில் அதுவும் தெரியாது.

இந்தக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுவிட்டால், "இன்னொரு பெரிய இயந்திரம் வாங்கலாமா" என்ற கேள்வி தானாகவே மாறிவிடும். இன்னொன்று வாங்கினால் 90 நிமிடம் 180 ஆகும். அதே பணத்தில் கண்ட்ரோலரின் திரையையும் பட்டன்களையும் அப்படியே கொண்ட பயிற்சி இருக்கைகள் பத்தும், மேசை மேல் வைக்கும் சிறு இயந்திரங்கள் சிலவும் வாங்கலாம். 20 பேரில் இருவர் இருவராகப் பத்து இருக்கையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதி, தவறு செய்து, திரையிலேயே டூலை மோதவிட்டு, திருத்திக்கொண்டு வந்தால், பெரிய இயந்திரத்தின் 90 நிமிடமும் செட்டிங்குக்கும் வெட்டுவதற்கும் மட்டுமே செலவாகும். தவறு செய்யும் நேரத்தை விலை குறைந்த இடத்துக்கு மாற்றுவதுதான் தொழிற்கல்வித் திட்டமிடலின் பெரும் பகுதி என்றே சொல்லலாம்.

இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் ஜி கோடு மொழியைக் கற்பிக்கப் புத்தம் புதிய மாடல் வேண்டும் என்ற வாதமும் இங்கே வரும். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எண்முறைக் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்த மொழிக்கான ஆர்எஸ்-274-டி தரம் 1980-ல் வந்தது, உலகத் தரமான ஐஎஸ்ஓ 6983 அதையடுத்து 1982-ல். ஜி00 வேக நகர்வு, ஜி01 நேர்க்கோட்டு வெட்டு, ஜி02, ஜி03 வளைவுகள். இவை அன்றும் இன்றும் அவையே. பத்து வருடப் பழைய கண்ட்ரோலரில் கற்றவர் புதியதில் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். டூல் நீளம் எடுக்கவே கற்காதவர் எதிலும் பழக முடியாது.

வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று, ஒரே இயந்திரத்துக்குள் மூன்று ஆயுள்கள் இருக்கின்றன. இரும்பு நன்றாகப் பராமரித்தால் 25, 30 ஆண்டு தாங்கும். கண்ட்ரோலருக்கு உதிரி பாகம் கிடைக்கும் காலம் அதைவிட மிகக் குறைவு. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு இன்னும் குறைவு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்தன. அதை நம்பி ஓடும் அளவிடும் கருவி, லேசர் கட்டர், பயிற்சி ரோபோ எல்லாம் அந்த நாளோடு நின்றுவிடவில்லை. ஆனால் நெட்வொர்க் பொறுப்பாளர் அவற்றை இணைப்பிலிருந்து துண்டிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. நன்கொடை ஒப்பந்தத்தில் இந்த மூன்று ஆயுளும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

கண்ட்ரோலரில் ஒரு பக்கம்

இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போடக்கூடியது, கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஒரு பக்கம். பெரும்பாலான சிஎன்சி கண்ட்ரோலர்களில் டைமர் பக்கம் என்று ஒன்று உண்டு. இரண்டு மூன்று பட்டன் தட்டினால் வரும். அதில் இயந்திரம் மின்சாரத்தில் இருந்த மொத்த நேரம், புரோகிராம் ஓடிய நேரம், உண்மையில் வெட்டிய நேரம் என்று தனித்தனியாக மணியும் நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கேட்காததால் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

மின்சாரத்தில் இருந்தது 1,100 மணி, வெட்டியது 70 மணி என்று ஒரு திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் கல்லூரியின் முழுக் கதையும் இருக்கிறது. காலையில் ஆன் செய்கிறார்கள், மாலையில் ஆஃப் செய்கிறார்கள். நடுவில் கட்டர் இல்லை, அல்லது துண்டு இல்லை, அல்லது அன்றைக்கு ஓட்டத் தெரிந்தவர் விடுப்பு. மேலே சொன்ன அட்டவணைப்படி மூன்று பிரிவு, மூன்று மணி, 12 வாரம் என்றால் பருவத்துக்கு 108 லேப் மணி. இரண்டு பருவத்துக்கு 216. அதில் நாற்பது சதவீதம் வெட்டினாலே ஆண்டுக்கு 86 மணி வர வேண்டும். மூன்று ஆண்டு ஆன இயந்திரத்தில் மொத்தமே 70 என்றால், கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிவிடும். அதே நேரம் ஆசிரியர் மீதான வீண் பழியும் விலகும், ஏனென்றால் எந்த மாதத்தில் மணி ஏறவில்லை என்று பார்த்தால் அந்த மாதத்தில் என்ன வாங்கித் தரப்படவில்லை என்பது கூடவே தெரியும்.

பருவத்துக்கு ஒருமுறை அந்தத் திரையைப் புகைப்படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னால் போதும். புதிய மென்பொருள் வேண்டாம், சென்சார் வேண்டாம். அந்தப் படம் நிதி திரட்டும் அறைக்குப் போக வேண்டும், திட்ட அறைக்குப் போக வேண்டும், தொழில்நுட்ப அறைக்கும் போக வேண்டும். மூன்று அறைகளும் ஒரே எண்ணைப் பார்ப்பது அன்றுதான் தொடங்கும். நன்கொடையாளருக்கு ஆண்டு இறுதியில் ரிப்பன் வெட்டிய பழைய படத்தை மறுபடி அனுப்புவதைவிட, "உங்கள் இயந்திரம் இந்த ஆண்டு இத்தனை மணி வெட்டியது, இத்தனை மாணவர்கள் தனியாகச் செட்டிங் செய்தார்கள், அடுத்த ஆண்டு மாலைப் பிரிவு ஒன்றைச் சேர்க்க இவ்வளவு தேவை" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவது எவ்வளவோ மேல். தொழில் நடத்துபவர்களுக்கு அந்த மொழி உடனே புரியும். அவர்களும் தங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதே திரையைத்தான் பார்க்கிறார்கள்.

வெல்டிங் கூண்டும் வாயு சிலிண்டரும்

இந்த மணிக்கணக்கு சிஎன்சிக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். வெல்டிங் லேபில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 10 டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு சூழ ஆர்க் அடிக்கும் முறை) கூண்டுகள் நன்கொடையாக வந்தன என்போம். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஆர்கான் நிரப்பினால் வெளியே வருவது சுமார் 7,000 லிட்டர். ஒரு டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒருவர் 700 நிமிடம் ஆர்க் அடிக்கலாம். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் அடித்தால் 70 நிமிடம். மூன்று மணி நேர வகுப்பில் ஆர்க் எரியும் நேரம் மூன்றில் ஒரு பங்குதான் என்று வைத்தாலும், ஒரு வகுப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் தீர்ந்துவிடும். கம்பியே உருகிச் சேரும் மிக் வெல்டிங்கில் 1.2 மில்லிமீட்டர் கம்பி நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 3 கிலோவுக்கு மேல் உருகும். 15 கிலோ சுருள் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. கூண்டு வாங்கித் தந்தவர் வாயுவுக்கும் கம்பிக்கும் தரவில்லை என்றால், பருவத்தின் நான்காவது வாரத்தில் ஆசிரியர் டார்ச்சை வெறுமனே பிடித்துக் கையசைவு மட்டும் பழகச் சொல்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மென்பொருள் லைசென்ஸ்

பல கல்லூரிகள் ஒரே குடைக்குள் இருப்பதன் பலன் மிக எளிதாகக் கிடைப்பது இதில். 12 கல்லூரி, ஒவ்வொன்றிலும் 30 கம்ப்யூட்டர் என்றால் தனித்தனியாக 360 லைசென்ஸ் வாங்குவார்கள். பொதுச் சர்வரில் மிதக்கும் லைசென்ஸாக வாங்கினால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சர்வரின் பதிவில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: உச்சத்தில் எத்தனை, மறுக்கப்பட்டவை எத்தனை. ஒரு பருவம் பார்த்துவிட்டு வாங்குவது அறிவு. லேப் அட்டவணையைக் கல்லூரிகளுக்கிடையே கொஞ்சம் நகர்த்தினால் உச்சம் இன்னும் இறங்கும். இதில் வரும் ஆபத்து ஒன்று: கல்லூரிக்கும் சர்வருக்கும் இடையே இணைப்பு அறுந்தால் 30 திரையும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அதற்காகத்தான் சில நாட்களுக்கு லைசென்ஸைக் கடனாக எடுத்துக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. தேர்வு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அதைச் செய்துவிட வேண்டும்.

பழைய இயந்திரம் இலவசமாக வரும்போது

தொழிற்சாலைகள் தாங்கள் கழிக்கும் இயந்திரத்தைக் கல்லூரிக்குத் தர முன்வருவது நல்ல மனது. அதை வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் நிதி திரட்டும் அறையின் வேலைதான். வாங்கிக்கொள்ளும் முன் போய்ப் பார்க்க வேண்டியவை: கண்ட்ரோலர் எந்த மாடல், அதற்கு இன்னும் போர்டு கிடைக்கிறதா, மின்வரைபடம் கையில் இருக்கிறதா, பாராமீட்டர்களின் (இயந்திரத்தின் உள் அமைப்பு எண்கள்) நகல் எடுத்து வைத்திருக்கிறார்களா, எந்த வகை டூல் ஹோல்டர். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். 'பிடி 40', 'கேட் 40' என்ற இரண்டு ஹோல்டர் வகைகளுக்கும் கூம்பின் சாய்வு ஒன்றே. ஆனால் டூல் மாற்றும் கை பிடிக்கும் விளிம்பு வேறு. புல் ஸ்டட்டின் மரையும் ஒன்றில் எம் 16, மற்றதில் அங்குல மரை. வகை மாறினால் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் நாற்பது ஹோல்டரும் அந்த இலவச இயந்திரத்துக்கு உதவாது. 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு வரும் இயந்திரத்தில் நேரடியாக மின்கம்பியில் ஓடும் பம்ப், மின்விசிறி மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். கழற்ற, ஏற்ற, இறக்க, நிறுவ ஆகும் செலவை யார் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதை அப்புறப்படுத்தும் செலவையும்.

பணத்தை எப்படிக் கட்டி வைப்பது

பராமரிப்புக்கென நிரந்தர நிதி ஒன்றை உருவாக்கி அதன் வருமானத்தில் ஓட்டலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். கணக்கு இடிக்கும். முதல் குறையாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால், ஆண்டுச் செலவான 8-ஐ ஈட்ட 200 நிரந்தர நிதி வேண்டும். இயந்திர விலையின் இரண்டு மடங்கு. அதைத் தரக்கூடியவர் அபூர்வம். ஏழாண்டில் தீர்ந்துபோகும் நிதியாக 56-ஐக் கேட்பது நடக்கக்கூடியது. ஏழாம் ஆண்டில் டைமர் பக்கத்தைக் காட்டி மறுபடி கேட்கலாம், அல்லது இந்த இயந்திரத்தின் காலம் முடிந்தது என்று நேர்மையாகச் சொல்லலாம். நிரந்தர நிதியை ஆசிரியர் பயிற்சிக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் வைத்துக்கொள்வது பொருத்தம், ஏனென்றால் அவை தேய்ந்து காலாவதியாகும் பொருள்கள் இல்லை.

கூலண்டுக்கு யார் பெயர்ப் பலகை வைப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அதைத் தனியாகக் கேட்கக் கூடாது. 176 என்பது ஒரே பொருள், ஒரே விலை. இயந்திரம் தனி, பராமரிப்பு தனி என்று இரண்டு வரியாக எழுதினால் இரண்டாவது வரியை எவரும் அடித்துவிடுவார். "ஏழாண்டுக்கு ஓடும் மெஷினிங் லேப்" என்று ஒரே வரியாக எழுத வேண்டும். தவணையாகத் தருகிறேன் என்பவருடைய முதல் தவணையில் இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு, பயிற்சியை மூன்றாவது தவணைக்குத் தள்ளுவதும் நடக்கிறது. ஆசிரியர் பயிற்சிதான் முதலில் வர வேண்டும். இயந்திரம் இறங்கும் நாளில் அதை ஓட்டத் தெரிந்த இருவர் அங்கே நிற்க வேண்டும். ஒருவர் போதாது. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் அன்றோடு தார்ப்பாய்.

தலைமை அலுவலகம் எதைப் பொதுவாக்கலாம்

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாடம், ஒரே இயந்திரம் என்று கட்டாயப்படுத்துவது தவறு. கப்பல் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரிக்கு வெல்டிங் வேண்டும். உணவு பேக்கிங் ஆலைகள் சூழ்ந்த கல்லூரிக்குப் பிஎல்சியும் (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) கன்வேயரும் வேண்டும். எந்தத் துறை என்பதைக் கல்லூரி முடிவு செய்யட்டும். அதற்கு அடியில் இருப்பவற்றைப் பொதுவாக்கலாம்: ஒரே கண்ட்ரோலர் குடும்பம், ஒரே வகை ஹோல்டர், ஒரே சர்வீஸ் ஒப்பந்தம், கல்லூரி கல்லூரியாகச் சுற்றும் இரண்டு டெக்னீஷியன்கள், நடுவில் ஓர் அலமாரி நிறைய உதிரி பாகங்கள். 12 கல்லூரியில் ஒரே கண்ட்ரோலர் என்றால் ஒரு டிரைவை வாங்கி வைத்தால் எல்லோருக்கும் அது காப்பு. வெவ்வேறு என்றால் பன்னிரண்டு டிரைவ் வாங்க வேண்டும். யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்த அலமாரியில் முதலில் இருக்க வேண்டியது மிக மலிவான பொருள், பேட்டரி. முதலில் சொன்ன தார்ப்பாய் இயந்திரத்தின் அலாரம் பல நேரம் இதுதான். பல கண்ட்ரோலர்களில் பாராமீட்டர்களும் ஆஃப்செட்டுகளும் நிற்கும் நினைவகத்தை, மின்சாரம் இல்லாதபோது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி தாங்குகிறது. ஒவ்வோர் அச்சின் இருப்பிடத்தை நினைவில் வைக்கும் ஆப்சல்யூட் என்கோடருக்குத் தனியாக இன்னொரு பேட்டரி. தினமும் ஓடும் இயந்திரத்தில் எச்சரிக்கை வந்த உடனே யாராவது மாற்றிவிடுவார்கள். விடுமுறையில் ஆஃப் ஆகிக் கிடக்கும் கல்லூரி இயந்திரத்தில் எச்சரிக்கையைப் பார்க்க ஆளில்லை. பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் அச்சுகள் தங்கள் பூஜ்ஜியத்தை மறந்துவிடும், பாராமீட்டர்கள் அழிந்துவிடும். நகல் எடுத்து வைக்காத இடத்தில் அந்த இயந்திரம் அதோடு வெறும் இரும்பு.

மாற்றும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் மெமரி கார்டில் பாராமீட்டர்களையும் லேடர் எனும் கட்டுப்பாட்டு நிரலையும் புரோகிராம்களையும் நகல் எடுக்க வேண்டும். பிறகு எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கண்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் விதத்தில், மின் பேனலில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர் பேட்டரியை மாற்ற வேண்டும். இத்தகைய கண்ட்ரோலரில் ஆஃப் செய்துவிட்டு நிதானமாக மாற்றுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்து நினைவகத்தை இழந்தவர்கள் உண்டு. நகலின் ஒரு பிரதி கல்லூரியில், ஒரு பிரதி தலைமை அலுவலகச் சர்வரில். ஆண்டுக்கு ஒருமுறை, நீண்ட விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம், 12 கல்லூரியிலும் ஒரே நாளில். மாற்றி முடித்ததும் பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர்: மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, மாற்றியவர் கையெழுத்து, அன்றைக்கு டைமர் பக்கத்தில் இருந்த வெட்டு மணி.